நகத்தால் திறக்கிற பூட்டு

சாவு வீட்டுக்கு வருகிறவன் இப்போதெல்லாம் அழுவதற்கு முன்னால் செல்போனைத்தான் எடுக்கிறான். பந்தல் காலில் சாய்ந்தபடி வைத்தியலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன வாய்.

ஐஸ் பெட்டிக்குள் அவருடைய மூத்த மகன் மதிவாணன். கீழ்வேளூரில் ஸ்டுடியோ வைத்து ஊரார் கல்யாணத்தையெல்லாம் வீடியோ பிடித்தவன். நேற்று மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

சின்னவன் ராம்கிக்கு குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. அவன் பார்ப்பதற்காகப் பக்கத்துக் கடைக்காரன் சதீஷ் எல்லாவற்றையும் கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தான். குளிப்பாட்ட ஏற்பாடு நடக்கிற நேரத்தில் அவனுடைய மெமரி கார்டு நிறைந்துவிட்டது. மதிவாணனின் பையைத் துழாவி வேறொன்றை எடுத்துச் செருகினான். கேமரா ஏற்கவில்லை. வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் எதையோ நகத்தால் தள்ளினான்.

"என்னடா தள்ளுன?"

"லாக்குங்க பெரியப்பா. அண்ணன் பூட்டி வச்சிருக்காரு. தொறந்து அழிச்சாத்தான் புதுசா பதியும்."

"அப்ப உள்ள இருக்குறது?"

சதீஷ் தயங்கினான். பெட்டியில் சாய்த்த தலையை எடுக்காமல் மருமகள் ஜெயபாரதிதான் சொன்னாள்.

"போன வாரம் வயல்ல உங்கள எடுத்தாருல்ல மாமா, அதுதான். இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தல."

அன்றைக்கு நாற்று முடி வீசிக்கொண்டிருந்த அவரை, திரும்புங்கப்பா, கொஞ்சம் சிரிங்கப்பா என்று வரப்பெல்லாம் துரத்தினான் மதிவாணன். போடா வேலையத்தவனே என்று ஏசினார். அவன் எடுத்த எதிலும் அவன் முகம் இருக்காது. கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

கையை நீட்டினார். சதீஷ் ஓரத்தைப் பழையபடி தள்ளிக் கொடுத்தான்.

"பூட்டிட்டேன் பெரியப்பா. இனிமே அழியாது."

"நீ இப்பத்தானடா தொறந்த?"

அவன் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். வைத்தியலிங்கம் கார்டை வேட்டி முனையில் வைத்து முடிந்தார். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். வாய்க்காலில் இறங்கினால் வேட்டி நனையும், முடிச்சும் நனையும். நீங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு, முடிச்சைப் பொத்தியபடி வயல் பக்கம் நடந்தார். நாலடிக்கு ஒருதரம் நின்று அதை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.