பதினேழாவது கேள்வி

2013ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழு இருபதிலிருந்து எட்டு மணி வரைக்கும் திருவண்ணாமலை பஞ்சுக்காரத் தெருவில் எந்த வீட்டிலும் பால் பொங்கவில்லை. அடுப்பு எரிந்தது, பாத்திரம் சுட்டது, பால் மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பெண்கள் முதலில் பால்காரரைத் திட்டினார்கள், பிறகு கேஸ் சிலிண்டரைத் திட்டினார்கள். மெத்தைக் கடை அன்வர் பாஷாவின் ஐந்து வயது மகள் அதீபா, சரியாக ஏழு இருபதுக்குத் தன் அம்மா ரஹமத்துன்னிசாவிடம், தண்ணீர் பொங்குவதில்லையே, பால் மட்டும் ஏன் பொங்குகிறது என்று கேட்டிருந்தாள். அதையும் இதையும் முடிச்சுப் போட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எட்டு மணிக்கு எதிர்வீட்டு எழில் டீச்சர் பஸ் பிடிக்க வெளியே வந்தார். கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். குழந்தை அவரை மடக்கி அதே கேள்வியைக் கேட்டது. சூடு ஏறினால் பால்மேல் ஆடை படர்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் ஆடையையே தூக்கிக்கொண்டு மேலே வரும் என்று டீச்சர் செருப்பை மாட்டியபடியே சொன்னார். "ஓ..." என்றாள் அதீபா. தெருவில் இருந்த முப்பத்தொரு வீட்டிலும் அந்த நொடியே பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

அடுத்த வாரம் எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது என்று கேட்டாள். தெருவின் எறும்புகளெல்லாம் வழி தெரியாமல் சிதறி, அரிசிப் பானையிலும் ஆட்களின் காதிலும் ஏறின. சாயங்காலம் டீச்சர் திரும்பி வந்து, முன்னால் போகும் எறும்பு விட்டுப்போகும் வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் எறும்பு போகிறது என்று விளக்கி, குழந்தை "ஓ" சொன்ன பிறகுதான் அவை வரிசைக்கு வந்தன. அப்போதுதான் தெரு கணக்குப் போட்டுப் பார்த்தது. சாப்பாடு ஆச்சா, மணி என்ன மாதிரியான கேள்விகளால் ஒரு தொந்தரவும் இல்லை. உடம்பு, செடி கொடி, காற்று, தண்ணீர் இவை எப்படி நடக்கின்றன என்று அதீபா வாய்விட்டுக் கேட்டால், யாராவது பதில் சொல்லி அவள் "ஓ" சொல்லும்வரை, கேட்கப்பட்டது அந்தத் தெருவில் நடக்காது. அவ்வளவுதான். இதற்காக அன்வர் பாஷா தர்காவுக்குப் போனார், பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் அவருக்காக அண்ணாமலையாருக்கு விளக்கேற்றினார், ஒரு டாக்டர் குழந்தையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு டானிக் எழுதிக்கொடுத்தார். வேங்கிக்காலுக்குப் போய் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். எந்தத் துறை என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

பதில் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஜோதியம்மாள்தான் கண்டுபிடித்தார், அதுவும் தெரியாத்தனமாக. ஒருநாள் அவர் வீட்டில் தோசை சாப்பிடும்போது அதீபாவுக்குப் புரை ஏறியது. இருமி முடித்து, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டாள். தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் செய்வதையே ஜோதியம்மாளும் செய்தார்: உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்ன நெனைக்கிறாங்கடி கண்ணு" என்றார். குழந்தை "ஓ" என்றாள். அன்றிலிருந்து பஞ்சுக்காரத் தெருவில் யாராவது யாரையாவது நினைத்தால் மட்டும்தான் புரை ஏறுகிறது, நினைத்தால் கட்டாயம் ஏறுகிறது. ஜோதியம்மாளுக்கு முதலில் இது பெருமையாகத்தான் இருந்தது. குவைத்தில் இருக்கும் மகன் பிரசாத் தினமும் தன்னை நினைக்கிறான் என்பதற்கு அத்தாட்சி ஆயிற்றே. கார்த்திகை தீபத்தன்று, ஊருக்கு வர லீவு கிடைக்காத பிரசாத் ஒரு பகல் முழுக்க அறையில் உட்கார்ந்து அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தான். இங்கே ஜோதியம்மாள் வாயில் வைத்த அதிரசம் தொண்டையில் இறங்கவில்லை. முகம் கறுத்து, கண் செருகி, அன்வர் பாஷா முதுகில் குத்திய குத்தில் பிழைத்தார். மூச்சு வந்ததும் போனைத்தான் எடுத்தார். "டேய் பிரசாத்து, என்ன நெனைக்காதடா... சாப்புடற நேரத்துல மட்டுமாவது நெனைக்காதடா" என்று அழுதார். பெற்ற பிள்ளையிடம் இப்படிக் கேட்கும் நிலைமை வேறு எந்தத் தாய்க்கும் வந்திருக்காது. பிரசாத் நல்ல பையன். இங்கத்து நேரம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரையும், எட்டிலிருந்து ஒன்பது வரையும் கிரிக்கெட்டை மட்டும் நினைக்கப் பழகிக்கொண்டான்.

அதுவரை சிரிப்புக்கும் இடம் இருந்தது. 2014 சித்திரையில் தெருமுனை இளநீர் வியாபாரி ஆதிமூலம், காய் சீவும்போது கட்டைவிரலில் வெட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த அதீபா, ரத்தம் தானாக எப்படி நிற்கிறது என்று கேட்டுவிட்டாள். நிற்கவில்லை. துணி சுற்றினார்கள், மஞ்சள் வைத்தார்கள், ஆட்டோவில் ஏற்றினார்கள். வெட்டு பட்டது தெருவில் என்பதாலோ என்னவோ, தெருவைத் தாண்டியும் ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. தப்பாகச் சொன்னால் அதுவே நிலைத்துவிடும் என்று வேறு யாரும் பதில் சொல்லத் துணியவில்லை; எழில் டீச்சர் வகுப்பில் இருந்தார், போன் பையில் இருந்தது. ஒரு மணி இருபது நிமிடம் கழித்து அவர் போனை எடுத்து, ரத்தத்தில் தட்டணுக்கள் என்று இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று ஒட்டி வெட்டுவாயை அடைக்கின்றன என்று சொல்லி, அதீபா "ஓ" என்றபோது, ஆதிமூலத்துக்கு மூன்றாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதீபாவைக் கண்டால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. இதயத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

எழில் டீச்சர்தான் வழி சொன்னார். ஒரு பெரிய சார்ட் அட்டை வாங்கி, குழந்தை கேட்கக்கூடியவை என்று தனக்குத் தோன்றிய அறுபத்தொரு கேள்விகளை எழுதி, எதிரே ஒருவரியில் பதிலும் எழுதினார். பிளாஸ்டிக் உறை போட்டு மெத்தைக் கடைச் சுவரில், தையல் மிஷினுக்கு மேலே மாட்டினார்கள். அன்வர் பாஷா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இலவம் பஞ்சைத் திணித்துக்கொண்டே அவற்றை மனப்பாடம் செய்தார். மூன்றாவது, தும்மல். பதினொன்று, கண்ணீர் ஏன் கரிக்கிறது. பதினேழு, தூங்கும்போது மூச்சு விடச் சொல்வது யார்: பின்மூளையில் இருக்கும் முகுளம். மெத்தை வாங்க வந்தவர்கள் அவர் வாய் முணுமுணுப்பதைப் பார்த்து ஓதுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மகளையும் மடியில் உட்கார வைத்து, "எதுவும் கேக்காதம்மா, அத்தாவுக்கு பயமா இருக்குது" என்று கெஞ்சினார். அதீபா நல்லபடியாகத் தலையாட்டினாள். எட்டு மாதம் அவள் எதையும் கேட்கவில்லை. கேள்வி வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள்.

2015 தை மாதம், வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, ரஹமத்துன்னிசா கடையிலேயே அன்று தைத்து முடித்த மெத்தைமேல் படுத்துத் தூங்கிப்போனாள். காலையில் வீட்டையும் கடையையும் கழுவிவிட்ட களைப்பு. கழுவும்போது சார்ட்டின் உறைமேல் பஞ்சுத் தூசி படிந்திருப்பதைப் பார்த்து, அதையும் கழற்றித் துடைத்து மாடியில் வெயிலில் வைத்திருந்தாள். அன்வர் பாஷா கோணி ஊசியால் ஒரு தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். அதீபா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், தன்னை மறந்து, மெதுவாகத்தான் சொன்னாள்: "தூங்கறப்போ அம்மாவ மூச்சு விடச் சொல்றது யாரு?"

இறங்கிய நெஞ்சு ஏறவில்லை. அன்வர் பாஷா சுவரைப் பார்த்தார், ஆணிதான் இருந்தது. மனைவியைப் பிடித்து உலுக்கினார். பஞ்சு மூட்டையை உலுக்கியது போல் இருந்தது. பதினேழாவது கேள்வி என்பது ஞாபகம் இருந்தது, பதில் 'மு'வில் ஆரம்பிக்கும் என்பதுகூட ஞாபகம் இருந்தது. முருங்கை வந்தது, முழங்கால் வந்தது, முகூர்த்தம் வந்தது, அது வரவில்லை. மாடிப்படிக்கு ஓடினார், மூன்றாவது படியில் திரும்பிப் பார்த்தார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. எதிர்வீடு பூட்டியிருந்தது. அதீபா வாயைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க, அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து மெத்தையில் விழுந்து, "நான்தாம்மா! நான்தான் சொல்றேன்! விடு ரஹமத்து, மூச்ச விடு!" என்று கத்தினார்.

"ஓ..." என்றாள் அதீபா. ரஹமத்துன்னிசாவின் நெஞ்சு ஏறி இறங்கி, நின்றது. "விடு" என்றார். ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடி "விடு" என்றார். நாலைந்து தடவை ஆன பிறகுதான் எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ரஹமத்துன்னிசா கண் விழித்து, தானாகவே மூச்சை இழுத்து, "என்னாங்க, ஏன் அழறீங்க?" என்று கேட்டாள்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட எழில் டீச்சர் பையைக்கூட வைக்காமல் ஓடிவந்து, "முகுளம் பாய், முகுளம்!" என்றார். பலன் இல்லை, அதீபா "ஓ" சொல்லி ஆகிவிட்டது. டீச்சர் யோசித்து ஒன்று சொன்னார்: ரஹமத்துன்னிசா தூங்கும்போது குழந்தை மறுபடி அதையே கேட்கட்டும், நான் பக்கத்தில் நின்று உடனே சரியான பதிலைச் சொல்கிறேன், இரண்டு விநாடி வேலை. ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லோரும் கூடினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர்கூட வாடகைக்கு எடுத்து வைத்தார்கள். அதீபா வாய் திறக்கவில்லை. கொஞ்சினார்கள், மிட்டாய் காட்டினார்கள், ஜோதியம்மாள் ஒரு அதட்டல்கூடப் போட்டுப் பார்த்தார். குழந்தை பயந்து உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. ரஹமத்துன்னிசா எழுந்து வந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "போதும், எல்லாரும் போங்க. பச்சப் புள்ளைய பயமுறுத்தி நான் ஒண்ணும் மூச்சு விட வேணாம். அவரு சொல்லட்டும், நான் விட்டுக்கறேன்" என்றாள். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். அதீபா அதன்பிறகு எந்தக் கேள்வியுமே கேட்கவில்லை, மணி என்ன என்றுகூட.

பழக்கம் என்று ஒன்று வந்தால் எதுவும் நடந்துவிடுகிறது. விழித்திருக்கும்போது ரஹமத்துன்னிசாவுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் பகலில் கடையில் அவள் தூங்குவாள், இரவில் அவர் தூங்குவார்; அவர் தூங்கும்போது அவள் தலையணை உறை தைப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் கண் மூடியது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கிடையாது. நிமிடத்துக்குப் பதினாலு வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஐயாயிரத்து நாற்பது தடவை அன்வர் பாஷா "விடு" சொல்ல வேண்டும். செல்போனில் பதிவு செய்து ஓடவிட்டுப் பார்த்தார்கள், நெஞ்சு அசையவில்லை. ஆதிமூலம் சொல்லிப் பார்த்தார், அதற்கும் அசையவில்லை. நான் என்று சொன்னவர் அவர், அவரேதான் சொல்லியாக வேண்டும். தொண்டை வறளாமல் இருக்க ஆதிமூலம் தினமும் இரண்டு இளநீர் கொண்டுவந்து வைத்தார், காசு வாங்கவில்லை. மதியத்தில் அவர் கண் அசந்துவிடக் கூடாது என்று ஜோதியம்மாள் அரை மணிக்கு ஒருமுறை வந்து வம்பளந்துவிட்டுப் போவார். மெத்தை என்ன விலை பாய் என்று கேட்பவர்களுக்கு, "மூவாயிரத்து, விடு, ஐந்நூறு, விடு, உங்களுக்காக, விடு, முந்நூறு கம்மி பண்ணிக்கறேன்" என்று பதில் வரும். பழைய வாடிக்கையாளர்கள் அந்த "விடு"க்களைத் தள்ளிவிட்டுத் தொகையை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவர் ஒரு தும்மல் போட்டால்கூட தெருவில் வேலை நின்று எல்லோரும் காது கொடுப்பார்கள். 2020இல் அவருக்குக் காய்ச்சல் வந்து உள்ளறையில் ஒன்பது நாள் தனியாகக் கிடந்தார். ரஹமத்துன்னிசா தூங்குவதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டாள். அதீபாதான் ஓடிப்போய்க் கதவை இடித்தாள். அவருக்குக் குரல் எழும்பவில்லை. போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கர் போட்டு, அம்மாவின் காதோரம் பிடித்தாள். இருமலுக்கு நடுவே காற்றாக வந்த "விடு" போதுமானதாக இருந்தது. பிறகு ஆறு நாளும் அந்த போன் துண்டிக்கப்படவே இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண் சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போகும்போதெல்லாம் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்ப்பாள்.

2023 டிசம்பரில் அதீபா பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதினாள். எழில் டீச்சர் அதற்குள் இடமாறுதலில் டவுனுக்கே வந்து, அவளுக்கு வகுப்பாசிரியராகவும் ஆகியிருந்தார். கேள்வித்தாள்களை அதீபா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் படிப்பாள்; அது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். அறிவியல் தேர்வு மதியத்தில் நடந்தது. ஒருமதிப்பெண் பகுதியில், உறக்கத்திலும் சுவாசத்தை இயக்குவது எது என்று ஒரு வினா வந்திருந்தது. அந்தக் கேள்வித்தாளை டீச்சர் தயாரிக்கவில்லை. தயாரித்தவர்களுக்கு பஞ்சுக்காரத் தெருவைத் தெரியாது. அதீபா அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், பத்து நிமிடம் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அம்மா கடையில் தூங்கிக்கொண்டிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். கடைசியில் எடுத்து எழுதினாள்.

அடுத்த நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு, ஆசிரியர் அறையில் எழில் டீச்சர் அந்த விடைத்தாளைத் திருத்தினார். அறுபத்தொரு பதில்களும் அச்சுப் பிசகாமல் தெரிந்த பெண், முகுளம் என்பதைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கக்கூடிய பெண், அந்த இடத்தில் 'என் அத்தா' என்று எழுதியிருந்தாள். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; இந்த நேரத்துக்கும் மெத்தைக் கடையில் அந்த "விடு" ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அந்த விடைமேல் பெரிதாக ஒரு சரி போட்டு, சரியான விடைக்கு உரிய ஒரு மதிப்பெண்ணை ஓரத்தில் எழுதினார்.