இழப்பு: இருபத்து மூன்று

பணம் எடுக்கும் மெஷினுக்குக் காவலாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. "திருடன் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். "உங்களைக் காட்டிக் கொடுத்துட்டு ஓடிடுவேன்" என்பேன். ஏஜென்சி எனக்குக் கொடுத்தது இரண்டு ஆள் நுழையும்படியான ஒரு நீலச் சட்டை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பதிவேடு. இதை வைத்துக்கொண்டு எந்தத் திருடனை என்ன செய்ய முடியும்?

பதிவேட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நேரம், நிகழ்வு, இழப்பு என்று மூன்று கட்டங்கள். அடியில் 'சரிபார்த்தேன்' என்ற வார்த்தைக்கு நேராக பாங்கு அதிகாரியின் கையெழுத்து. முதல் பக்கத்தில் விதிகள் அச்சடித்திருக்கும். இம்மையத்தில் எவருடைய பணமாவது பறிபோனால் உடனே பதிவு செய்ய வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அடித்துத் திருத்தக் கூடாது. நான்கு வருடமாக 'ஒன்றுமில்லை' என்று எழுதி எழுதி என் கையெழுத்து முத்து முத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த அதிகாரி வருவார். 'உள்ளே ஹெல்மெட் அணியாதீர்' என்ற அறிவிப்புக்கு நேர் கீழே ஹெல்மெட்டோடு நின்று ஆறு பக்கத்துக்கு ஆறு கையெழுத்துப் போடுவார். ஒரு எழுத்துகூடப் படிக்க மாட்டார். நான் அவருக்கு வைத்த பெயர் ஹெல்மெட். முகத்தைப் பார்த்திருந்தால் வேறு நல்ல பெயராக வைத்திருப்பேன்.

எல்லாம் கைப்பை அம்மாவால் வந்தது. ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு சின்ன பர்ஸ், அதற்குள் கார்டு என்று வைத்திருப்பவர். தூரத்தில் இருக்கும் மகன் பணம் அனுப்புவான். அந்த மாதம் தாமதமாகிவிட்டது. தினமும் வந்து, "வந்துடுச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போறேம்மா" என்று சொல்லி, மெஷினில் இருப்பைப் பார்த்துவிட்டு, முகம் தொங்கத் திரும்பிப் போவார். நானும் "நாளைக்கு வரும்மா" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவேன். வேறு பாங்கு கார்டாக இருந்தால் மாதத்தில் மூன்று முறைதான் இலவசம், நாலாவதிலிருந்து எடுத்தாலும் சும்மா பார்த்தாலும் இருபத்து மூன்று ரூபாய் பிடிப்பார்கள் என்பது அப்போது எனக்கும் தெரியாது. திரையில் ஏதோ எழுத்து ஓடும். அம்மா பைக்குள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் ஓடிப் போய்விடும்.

மகன் இரண்டாயிரம் அனுப்பினான். அம்மாவின் கணக்கில் இருந்தது ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்து மூன்று. வீட்டு வாடகை ஆயிரத்து எண்ணூறு. அவர் நேரே தன் பாங்குக்குப் போய் பாஸ்புக்கை அச்சிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். வரிசையாகப் பத்தொன்பது இருபத்து மூன்றுகள். பணம் வந்ததும் மொத்தமாகப் பிடித்திருக்கிறார்கள்.

"ஏம்மா, நீ இங்கதானே உக்காந்திருந்தே? நானூத்தி முப்பத்தேழு போயிருக்கு. யாரு எடுத்தா?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. பத்தொன்பது நாளும் என் கண் முன்னால் நடந்திருக்கிறது. "நாளைக்கு வரும்மா" என்று சொல்லிச் சொல்லி நானே மறுநாளும் வரவழைத்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்ததென்றால், மேயும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

அவர் போனதும் பதிவேட்டைத் திறந்தேன். காலை 10.20. நிகழ்வு: கைப்பை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் பணம் பறிபோனது. எடுத்தது: மெஷின். இழப்பு: 437. எழுதி முடித்ததும் நான்கு வருடத்தில் முதல் முறையாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒருவரையும் விடவில்லை. நாலாவது தடவையென்றால் தொடாதீர்கள் என்று உள்ளே நுழையும்போதே சொல்வேன். வேறு வழி இல்லாதவர்கள் தொடுவார்கள். வெளியே வரும்போது பாங்குச் செய்தி வந்து போன் சிணுங்கும். "பிடிச்சுட்டானா?" என்பேன். பிடித்திருந்தால் ஒரு வரி. பழுப்புச் சட்டைக்காரர், 23. தையல் கடை அக்கா, 23. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், நூறு எடுத்ததற்கு 23. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவரே சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வாரத்தில் முன்னூற்று நான்கு வரிகள், கூட்டினால் ஏழாயிரத்து நானூற்று ஆறு. எல்லாப் பக்கத்திலும் 'சரிபார்த்தேன்' என்ற வார்த்தைக்கு நேராக ஹெல்மெட்டின் கையெழுத்து.

ஏழாவது வாரம் புதன்கிழமையே அவர் வந்துவிட்டார். கையில் ஒரு புதுப் பதிவேடு. தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்காரர்கள் எல்லா மெஷின்களின் இழப்புக் கணக்கையும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் வந்து பார்க்கப் போகிறார்களாம். முந்தின நாள் அவர் போனில் கணக்குக் கேட்டபோது, கைப்பை அம்மாவின் நானூற்று முப்பத்தேழிலிருந்து மொத்தத்தையும் சொல்லியிருந்தேன்.

"என்னம்மா எழுதி வச்சிருக்கே? முன்னூத்தி நாலு திருட்டு! அத்தனையிலயும் என் கையெழுத்து!"

"நீங்க போட்டதுதானே சார்?"

"கட்டணத்தைப் போய்த் திருட்டுன்னு எழுதுவாங்களா?"

"சொல்லாம எடுத்தா எங்க ஊர்ல அதுதான் பேரு."

அவர் குரலை இறக்கினார். "இதோ பாரு. எனக்கும் புள்ளக்குட்டி இருக்கு. இந்தப் புதுசுல முப்பத்தாறு பக்கத்துக்கும் 'ஒன்றுமில்லை'ன்னு எழுதிடு. வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் பழசை எடுத்துட்டுப் போயிடறேன். அந்தம்மாவோட நானூத்தி முப்பத்தேழை என் கைக்காசுலேந்து தரேன். இல்லன்னா ஒண்ணாந்தேதியிலேந்து இந்த நாற்காலியில வேற ஆள்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் பயமாக இருந்தது. அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. என் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். எட்டு மாதத்துக்கு முன் இடுப்பு எலும்பு நகர்ந்து வீட்டோடு இருக்கிறார். வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் இந்த நாற்காலியில் உட்காருவதற்குத்தான் வருகிறது.

சாயங்காலம் வீட்டில் அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் எழ முடியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை வைக்காமல் கேட்டார்.

"வாடகை?" என்றார்.

"தெரியல."

"என் மாத்திரை?"

"அதும் தெரியல."

கொஞ்ச நேரம் நறுக்கினார். "படிக்காமக் கையெழுத்துப் போட்டது அவன். நீ எதுக்குத் திருட்டு முழி முழிக்கிறே?" என்றார். பிறகு, "எழுதணும்னா எழுது, வேணாம்னா விடு. எழுதிட்டு வந்து என்கிட்ட மட்டும் ராத்திரி பூரா புலம்பாதே" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இந்த மனுஷனிடம் கேட்டதற்குச் சுவரிடம் கேட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

வியாழக்கிழமை முழுக்கப் புதுப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பக்கத்தில் 'ஒ' எழுதப் போனேன். எழுதினால் பத்தொன்பது நாளும் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். கைப்பை அம்மாவின் பாஸ்புக்கே பொய் என்று ஆகிவிடும். பேனாவை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். புதுப் பதிவேட்டை நீட்டினேன். புரட்டினார். முப்பத்தாறு பக்கமும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். முன் தலையில் முடி கொட்டி, தூக்கம் கெட்ட முகம். என்னைவிடச் சின்னவர்.

"அப்ப நீ முடிவு பண்ணிட்டே."

"ஆமா சார்."

"அப்ப ஒண்ணாந்தேதி நீ வர வேண்டாம்."

பழைய பதிவேட்டை எடுத்தேன். இன்றைய பக்கத்தில், அவர் பார்க்கப் பார்க்க எழுதினேன். காலை 11.40. நிகழ்வு: உண்மையை எழுதியதற்காகக் காவலாளியின் வேலை பறிபோனது. எடுத்தவர்: கீழே கையெழுத்திடும் அதிகாரி. இழப்பு என்ற கட்டத்தில் என் மாதச் சம்பளத்தை எழுதினேன். பேனாவை அவரிடம் கொடுத்தேன்.

"இந்த வாட்டி படிச்சுட்டுப் போடுங்க சார்."

படித்தார். அதற்கு மேலும் படித்தார். பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"'ஹெல்மெட் போட்டவர், மனைவியின் கார்டு, இருபத்து மூன்று.' இது யாரு?"

"நீங்கதான் சார். மூணாவது வாரம். உங்க வீட்டம்மா உடனே போன் பண்ணித் திட்டினாங்களே, எதுக்குச் சும்மா சும்மா பாக்கறேன்னு. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

அவர் காது சிவந்தது. அந்தப் பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்துத்தான் இருந்தது. வெளியே இரண்டு பேர் கதவைத் திறக்கலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் இன்றைய பக்கத்துக்குத் திரும்பி, பேனாவைக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேல் பிடித்தார். பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மூடி என்னிடமே நீட்டினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட்டீங்கன்னா, நான்தான் இவ வேலையை எடுத்தேன்னு நீங்களே சரிபார்த்த மாதிரி."

"அதான் போட மாட்டேங்கறேன்."

"அப்ப என் வேலை போகலைன்னு எடுத்துக்கறேன் சார்."

அவர் ஹெல்மெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வெள்ளைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் தணிக்கைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. முன்னூற்று நான்கு வரிகளையும் அவர்கள் எண்ணித்தான் ஆக வேண்டும். நான் நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே நின்றவர்களில் முதல் ஆள் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்த மாசம் எத்தனாவது தடவைங்க?" என்றேன்.