ஊரே கேட்ட கெசட்

சவூதியிலிருந்து ஸலாஹுதீன் வந்து நான்கு நாளாகியும் பெட்டி திறக்கப்படவில்லை. கல்முனைக்குத் தெற்கே, கடலை நோக்கிப் போகும் அந்தக் குறுக்குத்தெருவில் இப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவே அந்த வீட்டில் கூடிவிடும். கயிறு அறுபடும். சாரன், சவர்க்காரம், அத்தர், கோடாலித் தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்த வீடும் வெறுங்கையோடு திரும்பாது. ஆனால் இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்த இந்தத் தகரப் பெட்டி, முன்னறையில் பூட்டோடு கிடந்தது.

அடுத்த வீட்டுப் பாத்தும்மா அன்றைக்கு மூன்றாவது தடவையாக வந்தாள். முதலில் உப்பு, பிறகு சுளகு, இப்போது காரணமே இல்லை.

“என்னகா ஸுலைஹா, பெட்டிக்குள்ள ஆள் கீள் இரிக்கா? மூச்சு விட ஓட்டை போட்டு வெச்சீங்களா?”

“தொறப்பக் காணல்லயாம் மாமி.”

“ரெண்டு வருசமா மெசினெல்லாம் திருத்தின மனிசனுக்கு ஒரு பூட்டத் தொறக்க ஏலாதா?”

பூட்டைத் திறக்கும் அந்தத் திறப்பு கணவனின் இடுப்புப் பட்டியில் இருப்பதை ஸுலைஹா முதல்நாளே பார்த்துவிட்டாள்.

ஸலாஹுதீன் உழவு மெசின் திருத்துகிறவன். எண்பத்திரண்டில், ஏஜென்சிக்குக் கட்டுவதற்காக இரண்டு ஏக்கர் வயலைச் சீனிமுகம்மது முதலாளிக்கு ஈடு வைத்துவிட்டுப் போனான். இந்த மாரி விதைப்புக்கு முன் மீட்காவிட்டால் வயல் அறுதியாக முதலாளிக்கே போய்விடும். அப்படித்தான் எழுத்து.

அங்கே அவனுடைய முதல் மாதச் சம்பளம், இங்கே கராஜில் ஒரு வருடம் உழைத்ததற்குச் சமமாக இருந்தது. கடிதம் எழுத அவனுக்குச் சோம்பல். ஒரு டேப் ரெக்கோடரும், தன் குரல் பதிந்த கெசட்டும் அனுப்பினான். தெருவில் அதுதான் முதல் கெசட். ஸுலைஹா அதை வாசலில் வைத்துப் போட்டாள். பெண்கள் மணலில் குந்தியிருந்து கேட்டார்கள். ‘எனக்கு இங்க சம்பளம்…’ என்று தொடங்கி அவன் சொன்ன தொகை, அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் சந்தைவரை போய்விட்டது. அதன் பிறகு மாதம் ஒரு கெசட் என்று ஆயிற்று. ஸுலைஹா பதில் பேசிப் பதிவதும் அதே வாசலில், அதே கூட்டத்தின் நடுவில்தான்.

இப்போது அவன் தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளிபோல நடந்து திரிந்தான். சுவரில் மூன்று மணிக்கூடுகள், மூன்றும் மூன்று நேரம் காட்டின. மாடிக்கென்று எழுப்பிய தூண்களில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு சீதன வீடு வேண்டும் என்று ஊர் சொன்னதில் எழும்பிய தூண்கள் அவை. மூலையில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அவன் அதைத் திறந்து பார்த்தான். உள்ளே பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளும் சீனிப் பேணியும் இருந்தன.

“எறும்பு ஏறாது” என்றாள் ஸுலைஹா.

அவன் கதவை மூடினான். மறுபடியும் திறந்து பார்த்தான். எதிலும் அவனுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவையும் வாங்கியது யார் என்ற கேள்விதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், ஒவ்வொன்றையும் வாங்கச் சொன்னது கெசட்டில் அவன் குரலேதான்.

“வட்டைக்குப் போய் வயலப் பாத்துட்டு வாறன்” என்றான்.

“வெயில் சாயட்டும்.”

“நேத்தும் அதத்தான் சொன்ன.”

“நீங்களும் நேத்துத் தொறப்பத் தேடுறன் எண்டீங்க.”

வெளியே தென்னோலை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. அவன் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

பெட்டியை அவள்தான் திறந்தாள். மேலே பிள்ளைகளுக்கு இரண்டு கவுன், ஒரு பால்மாப் பேணி. அடியில் எண்ணெய்க் கறை பிடித்த நீல வேலை உடுப்பு. அதற்கும் அடியில், துணியில் சுருட்டிய ஸ்பனர்கள், சுத்தியல், குறடுகள். அவள் ஒரு ஸ்பனரைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதுபோல வைத்திருந்தாள்.

“லீவுல வாறவங்க இதெல்லாம் அங்கதானே வெச்சுட்டு வருவாங்க?”

“ஓம்.”

“அப்ப?”

“கொம்பனிக்கு வேல முடிஞ்சி. மூணு மாசத்துக்கு முந்தியே நிப்பாட்டிட்டான். இந்த ஆயுதமெல்லாம் நான் வாங்கின.”

“கெசட்டுல நல்லா இரிக்கன் எண்டீங்களே.”

“தெருவே இருந்து கேக்கும். எப்புடிச் சொல்ற?” நீல உடுப்பை மடித்து வைத்துச் சொன்னான்: “பரவால்ல. வயல் இரிக்கிதானே. கராஜ் வேலயும் வயலுமாச் சமாளிப்பம்.”

அவள் ஸ்பனரைத் திரும்பத் துணியில் சுற்றினாள். நெடுநேரம் சுற்றினாள்.

“வயல் இன்னும் சீனிமுகம்மது முதலாளிட கையிலதான்.”

“மீட்டாச்சி எண்டு நீதானே கெசட்டுல சொன்ன?”

“நான் பதியக்குள்ள பாத்தும்மா மாமி பக்கத்துல இருந்து பாக்கு வெட்டிட்டு இருந்தா. சவூதிக்காரன்ட பொஞ்சாதி இன்னும் ஈடு மீட்கல்லயா எண்டு கேப்பாவே. அடுத்த மாசக் காசுல மீட்டுரலாம் எண்டு நெனச்சன். அடுத்த மாசம் பிரிட்ஜ் வாங்கச் சொன்னீங்க.”

அவன் சிரித்தான். அவளுக்குப் பயமாக இருந்தது, பிறகு அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது இருவரும் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் தரையில் இருந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் பணத்தைப் பற்றி அவர்கள் தனியாகப் பேசியது அன்றுதான். பேசி முடிக்கும்போது அஸர் பாங்கு கேட்டது.

மறுநாள் பெட்டி திறந்தபடியே முன்னறையில் கிடந்தது. பாத்தும்மா குனிந்து பார்த்தாள்.

“இதா சாமான்?”

“ஓம் மாமி. இதான் சாமான். அவர் இனிப் போகல்ல.”

பாத்தும்மா அன்று உப்புக்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போனாள்.

பிரிட்ஜ் பிரதான வீதியில் ஐஸ்பழம் விற்கும் கடைக்குப் போனது. தூண்களுக்கென வாங்கி மிஞ்சிக் கிடந்த கம்பியும் சீமெந்தும் விலைப்பட்டன. ஸுலைஹாவின் இரண்டு காப்புகளும் போயின. அப்படியும் விதைப்புக்கு முன் ஒரு ஏக்கரைத்தான் மீட்க முடிந்தது. மற்றது போனது போனதுதான். ஸலாஹுதீன் வீட்டு முற்றத்திலேயே தகரக் கூரை இறக்கி, உழவு மெசின்களைத் திருத்தத் தொடங்கினான்.

மாரி மழை பிடித்த பிறகு ஒருநாள், பாத்தும்மாவின் மகள் ஸுல்பிகா டேப் ரெக்கோடரை இரவல் கேட்டு வந்தாள். அவள் புருசன் அபுல் ஹஸன் குவைத்துக்குப் போய் இரண்டு மாதம். முதல் கெசட் வந்திருந்தது. அவளுக்குப் பின்னால் தாயும், தாய்க்குப் பின்னால் எட்டுப் பத்துப் பெண்களும் நின்றார்கள்.

“வாசல்ல வெச்சுப் போடுங்க ராத்தா, எல்லாரும் கேக்கட்டும்” என்றாள் ஸுல்பிகா.

ஸுலைஹா ரெக்கோடரோடு அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். அவளை மட்டும் அங்கே இருத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“என்னகா இது?” என்றாள் பாத்தும்மா. “என்ட மருமகன்ட கதய நான் கேக்கக் கூடாதா? சம்பளம் எவ்வளவாம் எண்டாவது தெரியணுமே.”

“அவள் கேட்டு முடிச்சாப் பொறகு நீங்க ஸலாம் கேளுங்க, சுகம் கேளுங்க மாமி. சம்பளம் அவங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாப் போதும். நாங்க ரெண்டு வருசம் ஊர் கேக்கக் கதைச்சம். எங்களுக்குள்ள கதைக்கல்ல. வந்த சல்லியும் ஊர் பாக்கத்தான் செலவாச்சி. கை நெறயச் சல்லி வாற நேரம் புருசனும் பொஞ்சாதியும் உண்மயக் கதைச்சு முதல்ல கடன அடைக்கணும், பொறகு நாளைக்கு எண்டு கொஞ்சம் வெக்கணும். ஊருக்குக் காட்டுறதெல்லாம் அதுக்குப் பொறகுதான். இதப் படிக்க எங்களுக்கு ஒரு ஏக்கர் போச்சி. உங்கட மகளுக்கு நான் சும்மா சொல்லிக் குடுக்கன்.”

கதவுக்குப் பின்னால் அபுல் ஹஸனின் குரல் மெல்லக் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. பாத்தும்மா கதவை நோக்கி ஓரடி வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வாசல் மணலில் போய் இருந்து, மடியிலிருந்த பாக்கை வெட்டத் தொடங்கினாள்.