உட்கார வைத்த நாள்

என் வேலையைப் பறித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர்களில் ஒருத்தி என் தம்பி மனைவி. எனக்கு முட்டி வலி என்றதும் தைலம் வாங்கி வந்து, தன் கையாலேயே தேய்த்துவிட்டவள்.

எங்களுடையது ஒற்றைப் பிளாட்பாரம் உள்ள சின்ன ஸ்டேஷன். அதற்கு நான் ஒருத்திதான் ஆள். டிக்கெட் கொடுப்பேன், பெருக்குவேன், காத்திருப்பு அறையைத் திறந்து பூட்டுவேன், மைக்கைப் பிடித்து வண்டி வருவதை அறிவிப்பேன். பிளாட்பாரத்தின் கோடியில் ரயில்வே கொடுத்த ஓர் அறை வீடு. அதில் என் கணவர் படுத்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பகலெல்லாம் அவருக்குத் துணை என் குரல்தான். ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. மதிய வண்டியை அறிவித்து, அதை அனுப்பிவிட்டு ஓடி வந்து கஞ்சி ஊட்டுவேன். என் அறிவிப்பு காதில் விழுந்ததிலிருந்தே மனிதர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். "குருவிக் குஞ்சு கெட்டது போங்க" என்று கேலி செய்வேன். பாதி முகத்தால் சிரிப்பார்.

நான் நொண்டுவதைத் தம்பி மனைவி பார்த்தாள். தையல் கடை வைத்திருப்பவள், சும்மா இருக்கத் தெரியாதவள். ஊர்க்காரர்களும் ரயில்வேயும் சேர்ந்து ஸ்டேஷனைப் பராமரிக்கும் திட்டம் ஒன்று அப்போது வந்திருந்தது. ரயில்வே பெயின்டும் மண்வெட்டியும் கொடுக்கும், ஊர் உழைப்பைக் கொடுக்க வேண்டும். அவள் நாலு பேரைத் திரட்டி 'நிலைய நண்பர்கள்' என்று பெயர் வைத்தாள். எல்லோருக்கும் கை இல்லாத பச்சை மேலங்கி ஒன்றைத் தானே தைத்துக் கொடுத்தாள்.

முதலில் பூச்செடி வைத்தார்கள். பெஞ்சுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பிறகு "அண்ணி, நீங்க குனியாதீங்க" என்று என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். காலையில் அறையைத் திறப்பதை மருந்துக்கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தார். மைக்கை மட்டும் நான் விடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. எத்தனையோ வருஷம் கழித்துப் பகலில் காலை நீட்ட முடிந்தது.

திட்டத்தைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தபோது தம்பி மனைவி தலைகால் புரியாமல் ஓடினாள்.

"அன்னிக்கு நீங்கதான் ராணி. ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. சொல்லிட்டேன்."

"மதிய வண்டிக்கு நான் பேசணும்மா. அவர் காதைத் தீட்டிட்டு இருப்பார்."

"பேங்க் சார் பேசுவார். அண்ணனுக்கு நான் ஊட்டிடறேன். ஒரு நாள்தானே அண்ணி!"

பூச்செடிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டார்கள். யார் வீட்டிலிருந்தோ மெத்தை வேறு கொண்டு வந்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். அதிகாரி வந்தார். பளபளவென்ற ஷூ, மெதுவான பேச்சு. மதிய வண்டி வந்து நின்றது. வயதானவர்களைக் கைப்பிடித்து இறக்கினார்கள், மூட்டைகளை வாங்கி வைத்தார்கள், பேங்க்காரர் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் கணக்காக அறிவித்தார். ஒரு குறை சொல்ல முடியாது.

"அந்த அம்மா யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

வீட்டுக்குள்ளிருந்து அப்போதுதான் வந்த தம்பி மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "அவங்கதான் சார் இந்த ஸ்டேஷனோட ஸ்டாஃப். அவங்களை நாங்க ஒரு வேலையும் செய்ய விடறதில்லை!"

அவர் என்னைப் பார்த்தார். பிளாட்பாரத்தை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லது" என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அந்த இளிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று என் கணவர் வாயைத் திறக்கவே இல்லையாம். கஞ்சி முழுக்கச் சட்டையில்தான் வழிந்திருந்தது.

கொஞ்ச நாளில் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதே அதிகாரி. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அந்த ஸ்டேஷனுக்கு இனிமேல் சம்பள ஆள் தேவையில்லை என்றார்.

"அன்னிக்கு ஒரு நாள்தான் சார் உட்கார வெச்சாங்க."

"நீங்க இல்லாமலே நல்லா நடக்குதேம்மா. கண்ணால பார்த்தேனே. உங்களுக்கும் ஓய்வு வேணும் இல்லையா?"

வேலை போனால் வீடும் போகும். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. தம்பி மனைவி போய்க் கத்தினாள், கெஞ்சினாள். அவளுடைய அர்ப்பணிப்பைப் பாராட்டி அனுப்பி வைத்தார்கள். எல்லோரும் விலகிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். "நாம விட்டுட்டா ஸ்டேஷனையே மூடிடுவாங்க" என்றார் பேங்க்காரர். அதுவும் வாஸ்தவம்தான். யாரும் விலகவில்லை. நாங்கள் காலி செய்த அன்று அவர்கள்தான் வந்து என் கணவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். பதமாகத்தான் தூக்கினார்கள். மறந்துபோன வெந்நீர்ப் பையை எடுக்க ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அது குழுவின் சாமான் அறையாகியிருந்தது. அவர் கட்டில் கிடந்த இடத்தில் காலிப் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். காலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறேன். முட்டியைக் கேட்பார் யாருமில்லை. வந்த புதிதில் என் கணவர் சாப்பிட மறுத்தார். கரண்டி பல்லில் இடித்ததே தவிர உள்ளே போகவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம் எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியையே மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கவனத்திற்கு!" என்று கத்தினேன்.

அவர் வாயைத் திறந்தார்.

அன்று குலுங்கிக் குலுங்கி அழுதேன். அன்றிலிருந்து தினமும் இந்த நாலு சுவருக்குள் மதிய வண்டி வருகிறது.

போன வாரம் ஒரு மத்தியானம் தம்பி மனைவி வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். பேங்க்காரர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். மருந்துக்கடைக்காரருக்கு வியாபாரத்தை விட்டு வர முடியவில்லையாம். மற்றவர்களுக்கும் ஆசை தீர்ந்துவிட்டது. அவள் ஒருத்தியே எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் இல்லைன்னா வண்டி அங்க நிக்காதுன்னு சொல்லிட்டாங்க அண்ணி." பையிலிருந்து ஒரு பச்சை மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் அளவுக்குத் தைத்திருந்தாள். "முடிஞ்ச அன்னிக்கு வந்து மைக்ல பேசினாப் போதும். சம்பளமெல்லாம் கிடையாது. ஒரு சேவை மாதிரி..."

"சம்பளம் வாங்கிட்டு இத்தனை வருஷம் செஞ்சேனே, அதுக்குப் பேர் என்ன?"

அவள் தலை குனிந்துவிட்டது. கண்ணீர் அந்தப் பச்சைத் துணியில் சொட்டியது. எனக்கு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலவும் இருந்தது, முகத்தைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் போய் நின்று கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. மதிய வண்டி இன்னும் சற்று நேரத்தில் நமது நிலையத்துக்கு வந்து சேரும். வண்டி இங்கே நிற்கும்."

அவர் வாயைத் திறந்தார். அவள் எழுந்து வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரண்டிக்காகக் கையை நீட்டினாள்.

"நீங்க உட்காருங்க அண்ணி. முட்டி வலிக்கும். நான் ஊட்டறேன்."

கரண்டியை நான் விடவில்லை.

"தள்ளிக்கோம்மா" என்றேன். "இதையாவது எனக்கு விட்டு வை."