எடைக்கு எடை வெல்லம்

என் எடை எவ்வளவு என்று நீங்களும் கேட்காதீர்கள். கேட்பதற்கு ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். மேனாம்பேட்டில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டின் வாட்ச்மேன்கூட, நான் லிஃப்டில் ஏறினால் என்னை ஒரு பார்வை, 'ஆறு பேர் மட்டும்' போர்டை ஒரு பார்வை பார்ப்பார். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது என் அம்மாதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்தது. சும்மா வந்து போகிற காய்ச்சல் இல்லை, ஐசியூவில் கிடந்தேன். டாக்டர் வெளியே வந்து, "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் அம்மா பார்வதம் அந்த வாசலிலேயே நின்று, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் நாங்கள் போகும் முருகன் கோயிலை நினைத்து, "என் பொண்ணை உசுரோட குடுத்துடு, அவ எடைக்கு எடை வெல்லம் தரேன்" என்று வேண்டிக்கொண்டாள். முருகன் கொடுத்துவிட்டார். வெல்லம்தான் போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? நான் குண்டு. அவ்வளவுதான் காரணம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது துரும்பாக இருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்கே போவேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை, வீடு குவார்ட்டர்ஸில். பக்கத்து வீட்டு வரலட்சுமி ஆண்ட்டி ஆப்பிளோடு பார்க்க வந்தார். வந்தவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, "அடேங்கப்பா, எவ்ளோ அழகாயிட்ட ஷோபனா! ஜுரம் நல்ல வேலை பண்ணிக்கீது போ" என்றார். அம்மா முகத்தில் வந்த பூரிப்பை நான் பார்த்தேன். எழுந்து அந்த ஆப்பிளை வீசத் தெம்பில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என்னை ஒருத்தர் அழகு என்கிறார், அதுவும் நான் செத்துப் பிழைத்ததற்காக. எரிச்சல் வருமா வராதா?

அப்புறம் தெம்பு வந்தது, பசி வந்தது, பழைய உடம்பும் வந்தது. அன்றிலிருந்து அம்மா முருகனுக்குத் தவணை சொல்ல ஆரம்பித்தாள். "தை மாசம் வெச்சுக்கலாம், அதுக்குள்ள கொஞ்சம் இளைச்சுடுடி." தை போனது. பங்குனி போனது. ஆடி வந்து அதுவும் போனது. நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் கொள்ளு ரசமும் சீரகத் தண்ணீரும் காத்திருக்கும். அப்பா, அம்மா தட்டில் மட்டும் பூரி.

"ஏம்மா, முருகன்கிட்டயே தள்ளுபடி கேக்குறியா?" என்பேன்.

"நாலு பேர் பாக்கத் தராசுல உக்காரப் போற. சிரிக்க மாட்டாங்களா? உனக்காகத்தாண்டி சொல்றேன்."

இந்த 'உனக்காகத்தான்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிப்பவர்களை ஒன்றும் சொல்ல மாட்டாள். சிரிக்க வைக்காமல் இருப்பது என் வேலையாம்.

அப்பா கஜபதி ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேப்பம்பட்டில் கட்டிய வீட்டுக்குப் போக வேண்டும். "வேண்டுதலை முடிக்காம ஊட்டைக் காலி பண்ணக் கூடாது பார்வதம்" என்று அப்பா அபூர்வமாக வாய் திறந்தார். நானும் கறாராகச் சொல்லிவிட்டேன். "இப்ப எப்படி இருக்கேனோ அப்படியேதான் உக்காருவேன். இளைக்கணும்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கோயில் பக்கமே வர மாட்டேன்."

அம்மா உடனே தலையாட்டினாள். "வெல்லத்தை நானே போய் வாங்கிக்கிறேன்" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை, அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை குவார்ட்டர்ஸ் பெண்கள் பாதிப் பேர் கோயிலில். நான் தராசுத் தட்டில் உட்காரப் போகும் நேரம் அம்மா என் செயினைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, "இது வேற கால் கிலோ வரும்" என்றாள். அதோடு விட்டாளா? "தலையை நல்லாத் துவட்டுனியா? ஈரம் வேற இருக்கு" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

தராசு பார்க்கிற வேம்புலி எதிர்த் தட்டில் வெல்ல மூட்டைகளை ஏற்றினார். கடைசி மூட்டையும் ஏறியது. நான் உட்கார்ந்த தட்டு தரையை விட்டு அசையவில்லை. சங்கிலி சிக்கியிருக்குமோ என்று வேம்புலி அதை ஆட்டிப் பார்த்தார். அது பாட்டுக்குத் தொங்கியது.

"இன்னாமா இது, இவ்ளோதானா? எந்தக் கணக்குல வாங்கினு வந்தீங்க?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் எழுந்திருக்கப் போனேன்.

"எயுந்துக்காத பாப்பா! எயுந்தா மறுபடி மொதல்லேர்ந்து ஏத்தணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே, "வேண்டிக்கினப்போ இருந்த எடைதானே கணக்கு? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்போ இருந்தாளே, அந்த எடைக்கு வாங்குனேன்" என்றாள்.

அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். நான் தரையோடு தரையாக அந்தத் தட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. சும்மா இருக்கிறாளே என்று ஊரே எனக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தது. ஒருத்தி ராத்திரியில் சோற்றைத் தொடாதே என்றாள். இன்னொருத்தி வெறும் வயிற்றில் வெந்தயம் என்றாள். வரலட்சுமி ஆண்ட்டி பக்கத்தில் குனிந்து, "டெங்குல வந்தப்போ எவ்ளோ லட்சணமா இருந்த. அப்படியே மெயின்டெயின் பண்ணிருக்கலாம்ல?" என்றார். அம்மா "ஆமா" என்றாள்.

அந்த 'ஆமா'தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ குரல்.

"ஏம்மா, அந்த எடையில இருந்தவ யாருன்னு தெரியுமா உனக்கு? செத்துக்கிட்டு இருந்தவ. நீ கும்புட்டு வாங்குனது அவளையா, என்னையா? சாப்பிட்டு, தூங்கி, ஆபீஸ் போய், உன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு ஒருத்தி முழுசா இங்க உக்காந்திருக்கேன். உனக்கு இன்னும் அவதான் வேணும்னா, போய் அந்த ஐசியூ வாசல்லயே நில்லு!"

அம்மா முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டிலேயே இருந்தேன்.

அப்பா இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். வேம்புலி கை நீட்டுவதற்குள் அம்மா போய் ஒரு மூட்டையைப் பிடித்தாள். முட்டி வலிக்காரி, தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். "யம்மா, நான் தூக்குறேன் வுடு" என்று வேம்புலி சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. அவர் ஒரு முனையைப் பிடிக்க, ஏற்றினாள். தட்டு லேசாக ஆடியது. அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்து, வெல்ல உருண்டைகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வைத்தாள். உதட்டில் என்னவோ முணுமுணுத்தாள், கண்ணைத் துடைக்கவில்லை. என் தட்டு தரையை விட்டு எழும்பியது. இரண்டும் நேராக நின்றன. வேம்புலி "அரோகரா" என்றார், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வரலட்சுமி ஆண்ட்டிக்கு வாய் சும்மா இருக்குமா? "நல்லபடியா முடிஞ்சுது பார்வதம். இப்பவே இன்னொண்ணு வேண்டிக்கோ. அடுத்த தடவை உக்காரும்போது இவ பாதியா இளைச்சிருக்கணும்னு."

அம்மா திரும்பினாள். கையெல்லாம் வெல்லப் பிசுக்கு.

"பாதிப் பொண்ணை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? முழுசாத்தான் கேட்டேன். முழுசாத்தான் குடுத்துக்கீறான்."

என்னைத் தட்டிலிருந்து கை கொடுத்து இறக்கிவிட்டாள். செயினைப் போட்டுவிட்டாள். ஆட்டோவில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது நிமிர்ந்தாள்.

"ராத்திரிக்கு உனக்கு ரெண்டு சப்பாத்தி போதும்ல?"

"நாலு" என்றேன்.