மூடியில் இருந்த பெயர்

மகள் மத்தியானப் பேருந்தில் வருகிறாள். அதற்குள் மலைக்குப் பின்னால் போய், மனைவியின் எலும்புத் தாழியைச் சுற்றி முளைத்திருக்கும் புல்லைச் செதுக்கி, ஆட்டம் காணும் மூடியைச் சரியாக உட்கார வைத்துவிட வேண்டும் என்று வெய் தெங்ஃபாங் விடிந்ததும் கிளம்பிவிட்டான். கையில் அரிவாள், தோளில் கறுப்புக் குடை. வானத்தில் மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை. குடை அவனுக்கல்ல, தாழிக்கு.

இன்று மூன்றாம் மாதத்து மூன்றாம் நாள் திருநாள். இறந்தவர் உள்ள வீடெல்லாம் ஐந்து நிறச் சோறும் கோழியும் சாராயமும் எடுத்துக்கொண்டு மேலே ஏறும். இளசுகள் எதிரெதிரே நின்று பாட்டுக்குப் பாட்டு பாடும். நாலாவ் ஊரில் காலகாலமாக இந்த இரண்டு கூட்டம்தான். இப்போது மூன்றாவதாக டிக்கெட் வாங்கியவர்களின் கூட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது. அடுக்கடுக்கான வயல்களில் தண்ணீர் நிற்கும் பருவம். மலை முழுக்கக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கியது போலத் தெரிவதைப் பார்க்க அவர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பார்க்கட்டும். அழகு அழகுதானே, அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

தெங்ஃபாங்கின் பிழைப்பும் அவர்களால்தான். சுற்றுலாக் கம்பெனியின் பேட்டரி வண்டியில் ஆட்களை ஏற்றி, கீழ் வாசலிலிருந்து மேலே காட்சி மேடை வரை கொண்டுபோய் விடுவது அவன் வேலை. இன்றைக்குக் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கியிருந்தான்.

மகள் யூச்சின் வருவது சாதாரண வரவு அல்ல. அவள் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றபோது தாயும் மகளும் போட்ட சண்டையை ஊரே வாசலில் நின்று கேட்டது. "செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குவாங்தோங் மாகாணத்துப் பக்கம் போனவள் சொன்னபடியே நடந்துகொண்டாள். தாய் ஷியாலியான் படுத்த படுக்கையானபோது வரவில்லை. செத்தபோது வரவில்லை. எலும்பு எடுத்தபோதும் வரவில்லை. போன மாதம்தான் போனில் அழுதாள்.

"தூக்கமே இல்லப்பா. கண்ண மூடினா அம்மா சமையக்கட்டுல முதுகக் காட்டிட்டு நிக்கிறா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா."

"திருநாளைக்கு வா. அவ முன்னாடி மண்டிபோட்டு நேர்ல கேட்டுரு. கேட்டா மன்னிச்சுருவா."

"மன்னிப்பாளா?"

"உன் அம்மாவப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் வருகிறாள்.

நாலாவில் ஒருவரை ஒரு தடவை புதைத்ததோடு கடமை தீராது. சில வருஷம் கழித்துத் தோண்டி, எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கால் எலும்பில் ஆரம்பித்து, ஆள் உட்கார்ந்திருக்கும் வாக்கில் தாழிக்குள் அடுக்கி, கடைசியாக மண்டையை வைத்து மூடுவார்கள். பெயரை மூடியின் உட்புறத்தில் மையால் எழுதுவார்கள். வெளியே எழுதினால் மழை தின்றுவிடும். ஷியாலியானின் எலும்புகளைத் தெங்ஃபாங் தன் கையாலேயே துடைத்தான். வயல் வரப்பிலிருந்து விழுந்து முறிந்து கோணலாகக் கூடிய இடது மணிக்கட்டை அடுக்கும்போது அவன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. அந்த ஓட்டையை மறைக்கத்தான் அவள் எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

புதிதாகக் கட்டிய சிமெண்டு மேடையில் தாழிகள் வரிசையாக நின்றன. புல்லைச் செதுக்கி முடித்துவிட்டுக் குடையை விரித்துத் தாழிக்கு மேலே பிடித்தான். செத்தவர் மேல் வெயில் படக் கூடாது. மூடியைத் தூக்கினான். உட்புறத்தில் மெங் ஷியாலியான் என்று அவன் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது. பிறகு உள்ளே பார்த்தான்.

மண்டையின் மேல்வரிசையில் அத்தனை பல்லும் இருந்தது. தாடை அகலமாக, மாட்டுத் தாடை போல இருந்தது. கையை விட்டு இடது மணிக்கட்டைத் துழாவி எடுத்தான். நேரான, தடித்த எலும்பு. யாரோ ஒரு ஆம்பளை. தெங்ஃபாங் மூடியைத் திரும்ப வைத்துவிட்டுக் குடையும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

எப்படி நடந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அன்றைக்கே பார்த்திருந்தான்.

தாழிகள் முன்பெல்லாம் வயல்களுக்கு எதிரே, பாறைக் குடைவில் இருந்தன. காட்சி மேடையில் நின்று படம் எடுத்தால் அவையும் படத்தில் விழுகின்றன, பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று கம்பெனி சொன்னது. மலைக்குப் பின்னால் இடம் கட்டித் தந்தது. சரி, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தாழியை அந்தந்த வீட்டு மனுஷர்தான் முதுகில் சுமக்க வேண்டும். குடை பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இதோ வாய்க்கால் வருது, பாத்துத் தாண்டு" என்று பேசிக்கொண்டே கூட்டிப்போக வேண்டும். கம்பெனி குறித்த நாளோ பெரிதாக்கிய காட்சி மேடையின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள். ஊரில் பாதிப் பேர் கம்பெனி வேலையில் இருந்தார்கள், மீதிப் பேர் வெளியூரில் இருந்தார்கள். "கவலைய விடுங்க, கூலி ஆளுங்க பத்திரமா தூக்கிருவாங்க" என்றார் மேலாளர். எல்லாரும் தலையாட்டினார்கள். தெங்ஃபாங்கும்தான்.

அன்றைக்கு வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது அந்தக் கூலிக்காரர்களைக் கண்டான். வெளிமாவட்டத்து ஆட்கள். காவடிக் கம்பில் பக்கத்துக்கொன்றாகத் தாழி தொங்கியது. சரிவில் மூடி நழுவி விழும் என்று எல்லா மூடிகளையும் கழற்றி ஒரே கூடையில் போட்டு ஒருவன் சுமந்து வந்தான். அவர்களைப் பொறுத்தவரை அது கெட்டிக்காரத்தனம். வண்டிக்குள் வழிகாட்டிப் பெண் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த மலையின் ச்சுவாங் மக்கள் முன்னோர்மேல் வைத்திருக்கும் பக்தி எத்தனை ஆழமானது தெரியுமா என்று. தெங்ஃபாங்கின் கால் பிரேக்கில் ஒரு நொடி நின்றது. பின்னால் ஆட்கள் இருந்தார்கள். பிறகு அழுத்தி ஓட்டிப் போய்விட்டான். அந்தக் காலை வெட்டிப் போட்டால் என்ன என்று இப்போது தோன்றியது.

தாழி மேடையிலிருந்து இறங்கி அவன் ஓடியது நோங் பாவ்லின் வீட்டுக்கு. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தாழி விஷயத்தில் ஊர் அவர் பேச்சைத்தான் கேட்கும். அவர் கருஞ்சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக வெந்த சோற்றைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தார். தெங்ஃபாங் மூச்சிரைக்கச் சொன்னதை நிமிராமலே கேட்டார்.

"எல்லாத்தையும் திறக்கணும்ண்ணே. என் பொண்டாட்டிய எனக்குத் தெரியும். கையத் தொட்டாப் போதும்."

"தெரியும். நீ உன் ஆளக் கண்டுபிடிச்சு எடுத்துட்டுப் போயிருவே. அப்புறம் நாங்க?"

"நீங்களும் தேடி எடுத்துக்குங்க."

"எதை வெச்சுத் தேட? எங்கப்பன் எலும்பு எது, மாமன் எலும்பு எது, எவனுக்குத் தெரியும்? வெளியூர்ல இருக்கறவனுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?" பாவ்லின் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கப்பன் தாழி மூடியும் உக்காரலடா தம்பி. நான் உள்ள எட்டிப் பாத்தேனா? சிமெண்டக் கொழைச்சு ஒரே பூச்சாப் பூசிட்டேன்."

"அப்படின்னா உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம இருக்கறதாலதான் இன்னிக்கு எனக்கு ஒரு அப்பன் இருக்கான். நீ திறந்தீன்னா அவனும் இல்ல."

"அண்ணே, யூச்சின் வர்றா. அவ வந்து..."

"வரட்டும். பேரு எழுதியிருக்கில்ல? பேருக்கு முன்னாடி கும்பிடட்டும். ஊரே அதத்தான் பண்ணுது. நீ ஒருத்தன் கண்ணத் திறந்து என்னத்தக் கிழிச்ச?"

தெங்ஃபாங்குக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் பாதி வழியிலேயே வற்றிவிட்டது. கூடையைப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டிப்போனவன் அவன். அவர் என்ன செய்வார், பாவம்.

பேருந்து வந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு நடுவே யூச்சின் இறங்கினாள். இளைத்துப் போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அந்த வயதில் ஷியாலியான் இருந்த மாதிரியே இருந்தாள்.

"ஏம்ப்பா மூஞ்சி இப்படி இருக்கு?"

"வெயில்ல புல்லு செதுக்கினேன்."

"அம்மாவுக்குப் பிடிக்குமேன்னு வாத்து வாங்கிட்டு வந்தேன். இங்க விக்கிற வாத்த அவ வாத்துன்னே ஒத்துக்க மாட்டா, காக்கான்னுவா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று ஏறும் வழியெல்லாம் நினைத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் வாயைத் திறந்தான். இத்தனை வருஷம் கழித்து வந்த பெண்ணிடம் உன் தாயைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பாவ்லின் சொன்னதுதான் சரியோ என்றுகூட யோசித்தான். பெயருக்கு முன்னால் அழுதாலும் அழுகை அழுகைதானே. அவள் மனது ஆறட்டும், ஷியாலியானை அப்புறம் தேடிக்கொள்ளலாம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தான்.

தாழி மேடையில் நாலைந்து குடும்பங்கள் படையல் போட்டுக்கொண்டிருந்தன. பாவ்லின் மகன்களோடும் மருமகள்களோடும் பேரப்பிள்ளைகளோடும் தன் சிமெண்டுப் பூச்சுக்கு முன்னால் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். யூச்சின் வாத்தையும் ஐந்து நிறச் சோற்றையும் வைத்து, சாராயம் ஊற்றி, தாழியைக் கட்டிக்கொண்டாள். நெற்றியை அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு பேசினாள். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனதை, அம்மா சொன்னது அத்தனையும் பலித்ததை, பயத்திலும் வீம்பிலும் வராமல் இருந்ததை, எல்லாவற்றையும் கொட்டினாள். தெங்ஃபாங் தள்ளி நின்று அந்த மாட்டுத் தாடையை நினைத்துக்கொண்டிருந்தான். எவனோ ஒருவன், எந்த வீட்டுக் கிழவனோ, யூச்சினின் மானத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தெங்ஃபாங்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

அழுது முடித்துவிட்டு அவள் பையிலிருந்து மூங்கில் வேர்த் துண்டுகள் இரண்டை எடுத்தாள். வேரை நெடுக்காகப் பிளந்து செய்தது; ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. செத்தவரிடம் கேட்டுவிட்டு எறிந்தால் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழ வேண்டும். அப்படி விழுந்தால் சரி என்று பொருள். இரண்டும் உருண்டை மேலே தெரிய விழுந்தால் இல்லை என்று பொருள்.

தெங்ஃபாங் இதை எதிர்பார்க்கவில்லை. "வேணாம்மா. அழுதியே, போதும். அவ கேட்டுட்டா."

"அவ வாயால வரணும்ப்பா. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

எறிந்தாள். இரண்டும் உருண்டை. துடைத்துவிட்டு மறுபடி எறிந்தாள். இரண்டும் உருண்டை. மூன்றாவது தடவை எறியும்போது "அம்மா, என்ன மன்னிச்சேன்னு சொல்லு" என்று சத்தமாகவே கேட்டாள். துண்டுகள் கல்லில் மோதித் துள்ளி உருண்டு, மறுபடியும் முதுகைக் காட்டிப் படுத்தன.

அவள் அழவில்லை. ஏற்கெனவே தெரிந்த செய்தியைக் கேட்டவள் போலத் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலைத் தெங்ஃபாங்கால் தாங்க முடியவில்லை.

"யூச்சின், அது உன் அம்மா இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"இந்தத் தாழிக்குள்ள இருக்கறது அவ இல்ல. மூடியெல்லாம் மாறிப்போச்சு. காலையில நான் திறந்து பாத்தேன். யாரோ ஆம்பள. அவன்தான் இல்லன்னு சொல்றான், உன் அம்மா சொல்லல."

"அம்மா எங்க அப்ப?"

அவன் வரிசையைப் பார்த்தான். சிமெண்டு பூசியதும் பூசாததுமாகத் தாழிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஊதுவத்திப் புகை. "இதுல ஒண்ணுல இருக்கா. எதுன்னு தெரியல." பிறகு திரும்பி, "பாவ்லின் அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான்.

பாவ்லினின் பேரப்பிள்ளைகள் மண்டியிட்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், தன் பூச்சைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? அதுல உங்கம்மா பேருதான இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெங்ஃபாங் பாய்ந்து மூடியில் கை வைத்தான். திறந்து காட்டிவிட்டால் முடிந்தது. குடையை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. யூச்சின் இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டாள்.

"பட்டப்பகல்ல திறக்கறியே, உனக்கென்ன பைத்தியமா? அவ மேல வெயில் படணுமா? நான் பண்ணது பத்தாதா?"

"யூச்சின், ஒரே ஒரு தடவ உள்ள பாரு..."

"விடுப்பா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூடியிலிருந்து எடுத்துவிட்டாள். "சின்ன வயசுலயும் இப்படித்தான். அவ என்ன அடிச்சா, அடிச்சது அம்மா இல்ல, அவளுக்குள்ள வந்த பேய்னு சொல்லுவ. இப்பவும் எனக்காகப் பொய் சொல்லாத. அவ மன்னிக்கல. அவ்வளவுதான். அவ பிடிச்ச பிடியில நிப்பா."

வாத்தையும் சோற்றையும் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டாள். தாழிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாயங்காலப் பேருந்து வரை வீட்டில் இரு என்றான். இல்லை, கீழ் வாசலில் போய் நிற்கிறேன் என்றாள். கூடவே இறங்கியவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

மலைக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்திருந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் படையலை எடுத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போயின. மூங்கில் துண்டுகள் கல்லின்மேல் அப்படியே கிடந்தன. தெங்ஃபாங் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு மண்டியிட்டான். மகளுக்காகத் தானாவது ஷியாலியானிடம் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். எந்தப் பக்கம் பார்த்துக் கேட்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.