எர்வினின் மாடுகள் கறுத்து வந்த நாள்

நெப்ராஸ்காவில் மாட்டிறைச்சிக்குத் தரம் பார்க்கிறவள் லோர்னா. குளிர்கூடத்தில் தொங்கி வரும் ஒவ்வொரு மாட்டின் விலா வெட்டையும் விளக்கடித்துப் பார்ப்பாள். சிவந்த சதையில் வெள்ளைக் கொழுப்பு இழை இழையாக ஓடியிருந்தால் முதல் தரமான ‘ப்ரைம்’ முத்திரை விழும். பண்ணைக்காரர் எர்வின் கூபிக்கின் மாடுகளுக்கு அது பெரும்பாலும் தப்பாது. மாட்டிடம்கூடக் குரல் உயர்த்தாத மனுஷன் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய மாடுகள் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தின நாள் விடியலில் மாடேற்ற வந்த லாரிக்காரர்தான், பட்டிக்குள் அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்தார். “மாரடைப்பு. ஒரு நொடிதான், வலியே தெரிஞ்சிருக்காது” என்று அவர் தம்பி மிலோ ஊரெல்லாம் சொல்லியிருந்தான். மாடுகளை நிறுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் விலாவைப் பார்த்ததுமே லோர்னாவின் கை நின்றது. சதை காப்பிக்கொட்டை நிறத்தில் கறுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“என்ன லோர்னா, மொத்தமும் கரியா வருது? கூபிக் மாடா இது?” என்றான் முத்திரை குத்தும் டுவேன். “ராத்திரி பூரா நரி தொரத்துச்சா?”

லோர்னா அடுத்த விலாவுக்கு விளக்கை நகர்த்தினாள். வெகுநேரம் மிரண்டு ஓடி, தெம்பெல்லாம் தீர்ந்த மாட்டின் இறைச்சிதான் இப்படிக் கறுக்கும். ஒரு நொடியில் முடிந்த சாவாக அவளுக்குத் தெரியவில்லை. எர்வின் சேற்றில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார். மாடுகள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். தரத்தை இறக்கிப் போட்டாள். அன்று முழுவதும் யாரோ முதுகுக்குப் பின்னால் மூச்சுவாங்குவது போலவே இருந்தது.

அடக்கம் முடிந்து சர்ச்சில் சாப்பாடு. எர்வினின் மனைவி விளாஸ்டா லோர்னாவின் கையைப் பிடித்தாள்.

“கண்ணு, நீதானே பார்த்தே? நம்ம மாடு எப்படி வந்துச்சு?”

‘ப்ரைம்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். காலமெல்லாம் மாடு வளர்த்தவளின் முகத்துக்கு நேரே அந்தப் பொய் வரவில்லை.

“கறுத்துப்போச்சும்மா.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

விளாஸ்டா தட்டைத் தள்ளி வைத்தாள். “எனக்குக் கேட்டுச்சு” என்றாள். “அன்னிக்கு ராத்திரி மாடு கத்துறது கேட்டுச்சு. நரியா இருக்கும், அவர்தான் வெளிய போயிருக்காரே, பார்த்துக்குவாருன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன். அப்படியே தூங்கிட்டேன்.”

அடுத்த மேஜையில் மிலோ யாரிடமோ அந்த ஒரு நொடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அவன்கிட்ட சொல்லிடாத” என்றாள் விளாஸ்டா.

கறுத்த இறைச்சி அதன் பிறகும் வரத்தான் செய்கிறது. புயலோ நீண்ட பயணமோ, ஏதாவது காரணம் இருக்கும். ஆனாலும் லோர்னா யாருடைய மாடு என்று விசாரித்து, இடைவேளையில் அந்த வீட்டுக்குப் போன் போடுகிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாராவது எடுத்து “ஹலோ” என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.